ஒற்றைச் சுளகு

வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் மகள், முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஒரு நாள் அதிகாலையில் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றால் என்ன கேட்பீர்கள்? உடம்புக்கு என்ன என்று கேட்பீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். நானும் அவ்வளவே கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறேன். அவள் திரும்பி வந்தது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது.

எங்களுக்குச் சீவலப்பேரி. சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே உள்ள ஊர். முக்கூடற்பள்ளு பாடப்பெற்ற முக்கூடல் இதுவே என்பர். ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் 1994ஆம் ஆண்டில் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’ திரைப்படத்தைத்தான் நினைக்கிறார்கள். எங்களுக்கோ ஆறுதான் எல்லாம். என் கணவருக்குப் பாளையங்கோட்டையில் சிறு கடை. மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த என் உம்மா, வாப்பா மறைந்த பின் எங்களோடு இருக்கிறார்கள். மகள் எங்கள் மூன்று பிள்ளைகளில் இளையவள். கணினிப் பொறியியல் படித்தவள்.

கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாலையில், “வாப்பா, நான் கேம் செய்யிற வேலைக்குப் போவப் போறேன்” என்றாள். என் கணவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். நம் வீடுகளில் ‘கேம்’ என்றதும் நினைவுக்கு வருவது எது? கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடன்பட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவனின் கதையல்லவா! இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிறைவேற்றியது. சூதைப் பற்றி நம் மார்க்கம் சொல்வதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் சகோதரிகளே, சீட்டுச் சூது வேறு, வீடியோ கேம் வேறு. இதை நானே என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கதை, அதற்கு ஓவியம், அதற்கு இசை, இவை மூன்றையும் இயங்க வைக்கும் கணக்கு. இத்தனையும் சேர்ந்தால் ஒரு விளையாட்டு. திரைப்படத்தில் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதில் அடுத்து என்ன செய்வது என்று நாமே தீர்மானிக்கிறோம். புனேயில் ஒரு சிறு குழுவினர் செய்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜி’ என்னும் விளையாட்டில், தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்பிள்ளைதான் கதைத் தலைவி. அக்குழுவை நிறுவியவர்களுள் ஒருவர் ஸ்ருதி கோஷ் என்னும் பெண்மணி. கனடாவின் டொரண்டோ நகரில் ‘விசை’ என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட குழுவினர் 2023ஆம் ஆண்டில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு தாய், தன் தாயார் கொடுத்த சமையல் ஏட்டில் கிழிந்தும் அழிந்தும் போன குறிப்புகளை ஊகித்து இட்லியும் பிரியாணியும் சமைக்கிறாள். அவள் மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகிப் போகிறான். கதை அவ்வளவுதான். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருதை அது பெற்றது. அதை என் கணவரிடம் கொடுத்து விளையாடச் சொன்னாள் மகள். அரை மணி நேரம் கழித்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, போயிட்டு வா” என்றார்.

2024 ஜூலையில் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்தாள். கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனம். எட்டு மாதம். 2025 மார்ச்சில், நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில், நாங்கள் சஹர் உணவு முடிக்கும் நேரத்தில் வாசலில் வந்து நின்றவளைத்தான் முதலில் சொன்னேன்.

நோன்பு கழிந்தது; பெருநாளும் கழிந்தது. அவள் அறைக் கதவு பாதி சாத்தியே இருந்தது. மடிக்கணினி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாத்தனாரிடம் சொல்லி இரண்டு வரன்களைப் பார்க்கத் தொடங்கினேன்! பிள்ளை வீட்டோடு இருக்கிறாளே, இனி நல்லபடியாக ஒரு நிக்காஹ்வை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது இந்தத் தாயுள்ளம். அவள் ஏன் வந்தாள் என்று கேட்டால் எங்கே மீண்டும் போய்விடுவாளோ என்ற அச்சம்.

கேட்டவர்கள் என் உம்மாதான். ஒரு மதியம் முற்றத்தில் அவளைத் தம் காலடியில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களைக்குள்ளிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

“உன் கூட்டத்துல எத்தன பேரு புள்ள வேல பாத்தீங்க?”

“பதினாலு பேரு உம்மும்மா.”

“அதுல பொம்பளப் புள்ளைங்க எத்தன?”

“நான் மட்டுந்தான்.”

உம்மாவின் கை நின்றது. “ஒத்தச் சுளகா?” என்றார்கள். அதைக் கேட்டதும் மகள் அழத் தொடங்கினாள். வந்த நாள் தொட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்!

இந்தச் சுளகு என்னவென்று மேலப்பாளையத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் முறத்தைச் சுளகு என்போம். பீடி சுற்றும் பெண்கள் அதை மடியில் வைத்து, இலையும் தூளும் பரப்பி வேலை செய்வார்கள். என் உம்மா பன்னிரண்டு வயதில் மடியில் வைத்த சுளகைக் கண் மங்கும் வரை இறக்கவில்லை. கடையில் இலையும் தூளும் நிறுத்து வாங்கி வருவது, இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது, தகட்டை வைத்துக் கத்தரியால் நறுக்குவது, தூளிட்டுச் சுருட்டி நூலால் கட்டி நுனியை மடக்குவது, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவது. ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. பீடித் தொழிலைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தூள் உம்மாவின் நெஞ்சில் ஏறிய இருமல் இன்றும் எங்கள் வீட்டில் விடியற்காலை அலாரம்.

ஆனால் அவர்கள் தனியே சுற்றவில்லை. ஒரு வீட்டு நடையில் நாலு பேர், ஐந்து பேர் சுளகோடு வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வந்த சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவள் கற்றுக்கொடுப்பாள். காய்ச்சலில் கிடந்தவளின் எண்ணிக்கை குறைந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஐம்பது சுற்றி நிரப்புவார்கள். கணக்கப்பிள்ளை அளவுக்கு மீறிக் கழித்துப் போட்டால், எழுத்தறிந்த ஒருத்தி எல்லோருடைய கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவாள். பீடித் தொழிலாளருக்கான சட்டம் 1966ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அப்படி ஒன்று இருக்கிறது என்று உம்மாவுக்குத் தெரிந்தது அந்த நடையில் உட்கார்ந்தபோதுதான். சேமநிதிப் புத்தகம் கேட்டு ஏழு பெண்கள் சேர்ந்து போனதை இப்போதும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

“ஒத்தச் சுளக வச்சுகிட்டு மூலையில இருந்தா ஐந்நூறு சுத்துறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சிரும். ஒனக்குக் கையில வேல இல்லாம இல்ல புள்ள, பக்கத்துல ஆளில்ல” என்றார்கள் உம்மா.

அன்று மாலை என் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தார்கள், திட்டினார்கள் என்பது போன்ற பெரிய கதை ஒன்றுமில்லை. பெரிய கதை இருந்திருந்தால் எங்களிடம் முன்பே சொல்லியிருப்பாளாம்! கூட்டத்தில் அவள் ஒரு யோசனை சொன்னால் அமைதியாக இருப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அதையே வேறொருவர் சொன்னால் நன்று என்பார்கள். பெண்கள் விளையாடுவதற்கான ஆடை அலங்கார விளையாட்டு வந்தால் மட்டும் அவள் கருத்தைக் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் மொட்டைமாடியில் கூடிப் பேசும்போதுதான் உண்மையான முடிவுகள் எடுக்கப்படும்; அங்கே அவள் போகவில்லை. விளையாட்டைச் சோதிக்க முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் ஆடும்போது, பெண் பெயரைக் கண்டதும் வந்து விழும் சொற்களுக்கு அஞ்சி, தன் காக்காவின் பெயரை வைத்துக்கொண்டாளாம். வேலை முடிந்து வெளியான விளையாட்டில், செய்தவர்களின் பெயர் வரிசை ஓடும் இடத்தில் அவள் பெயர் இல்லை. மறந்துவிட்டோம் என்றார்கள். ஒருவேளை உண்மையாகவே மறந்திருக்கலாம். “நான் சொல்றது சரியா தப்பான்னு கேக்கக்கூட யாருமில்ல உம்மா. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு, எனக்கு வேல தெரியலையோன்னு” என்றாள்.

பிறகு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

அட்டாரி என்னும் பெரிய நிறுவனத்தில், காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் செய்யும் பிரிவில் 1980ஆம் ஆண்டில் டோனா பெய்லி என்ற இளம்பெண் சேர்ந்தார். அந்தப் பிரிவின் பொறியாளர்களில் அவர் ஒருவரே பெண். செய்யத்தக்க விளையாட்டுகள் என்று குறிப்பேட்டில் இருந்தவை பெரும்பாலும் போரும் வெடியுமாக இருந்தன. ஒரு பூரான் திரையில் ஊர்ந்து வரும் என்ற ஒரே ஒரு குறிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. எட் லாக் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ‘சென்டிபீட்’ 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. மென்மையான நிறங்களை அவர் தேர்ந்தெடுத்தார். அந்நாள் வரை ஆண்பிள்ளைகள் மட்டுமே மொய்த்த இயந்திரங்களைப் பெண்களும் வந்து சூழ்ந்தார்களாம். அட்டாரியின் பெரும் வெற்றிகளில் ஒன்று அது. அப்படிப்பட்டவர் என்ன ஆனார்? அட்டாரியை விட்டு விலகினார். சில ஆண்டுகளில் அந்தத் துறையை விட்டே போய்விட்டார். பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். அவரை மீண்டும் அத்துறையினர் முன் மேடையில் கண்டது 2007ஆம் ஆண்டில். விளையாட்டுத் துறைப் பெண்கள் 2005ஆம் ஆண்டில் தமக்கென அமைத்துக்கொண்ட பன்னாட்டு அமைப்பின் மாநாட்டில். பூரான் வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து!

“அவங்களுக்கு அப்பவே நாலு பேரு பக்கத்துல இருந்திருந்தா?” என்று என் மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நாத்தனாருக்குத் தொலைபேசி செய்து, வரன் பார்ப்பதைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

பெட்டியிலிருந்து மடிக்கணினி வெளியே வந்தது. ஐதராபாத்தில் ஒருத்தி, கொச்சியில் ஒருத்தி, கவுகாத்தியில் ஒருத்தி என்று, இதே தொழிலில் ஒற்றையாய் உட்கார்ந்திருந்த சிலரை அவள் தேடிப் பிடித்தாள். வியாழக்கிழமை இரவுகளில் காணொளியில் கூடுவார்கள். நான் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். பெண்ணுரிமை முழக்கங்களை எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முடியாத வேலையை எடுத்துக் காட்டுகிறார்கள். “இந்த இடத்தில் ஆடுபவருக்கு அடுத்து என்ன செய்வதென்று புரியாது” என்று தயங்காமல் சொல்கிறார்கள். யார் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும் என்பேன். சம்பளத்தை மறைக்கும் இடத்தில் ஏமாறுபவள் எப்போதும் புதிதாக வந்தவளே. ஒருத்தி கையெழுத்திடப் போகும் ஒப்பந்தத்தை இன்னொருத்தி வரிவரியாகப் படித்துப் பார்க்கிறாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவளிடம் மற்றவர்கள் முதலாளிகளாக நடித்துக் கேள்வி கேட்கிறார்கள். பெயர் வரிசையில் தன் பெயர் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள் என்று என் மகள் ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இவர்களுக்கு முன்னே நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. பூர்ணிமா சீதாராமன் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர், ‘விமன் இன் கேம்ஸ்’ அமைப்பின் புகழ்க்கூடத்தில் 2020ஆம் ஆண்டில் இடம்பெற்றார். அங்கே இடம்பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. நம் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போன வளைகுடாவைப் பாருங்கள். ரியாத் நகரில் 2012ஆம் ஆண்டில் தஸ்னீம் ஸலீமும் அவர் தோழியரும் ‘ஜீகான்’ என்ற பெயரில் பெண்களுக்கு மட்டுமான விளையாட்டு விழா ஒன்றைக் கூட்டினார்கள். அந்நாட்டில் பெண்கள் கார் ஓட்டுவதற்கு அனுமதி வந்தது 2018ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! யாரோ கொண்டுவந்து இறக்கிவிட, அபாயாவோடு வந்து இறங்கிய பெண்கள் உள்ளே போய்த் தாங்கள் செய்த விளையாட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

பாகிஸ்தானில் பிறந்து அமீரகத்தில் வளர்ந்த லைலா ஷபீர் என்ற சகோதரி அமெரிக்காவில் விளையாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்ததாம். வராதவர்களைக் குறை சொல்லிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் சிறுமியருக்கான கோடைப் பயிற்சி முகாம் ஒன்றைத் தொடங்கினார். ‘கேர்ள்ஸ் மேக் கேம்ஸ்’ என்ற அந்த முகாமின் முதலாண்டிலேயே பள்ளிச் சிறுமியர் சேர்ந்து செய்த விளையாட்டு, பொதுமக்கள் அளித்த நிதியால் முழுமை பெற்று வெளியிடப்பட்டது.

இதைக் கேட்டுத்தான் என் மகளுக்கு அந்த ஆசை வந்தது. நம் வீட்டிலேயே நாலு பேரைக் கூட்டினால் என்ன? உலகெங்கும் இளைஞர்கள் ஓரிடத்தில் கூடி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு முதல் அது உலக அளவில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதைப் போல நம் சீவலப்பேரியிலே இரண்டு நாள்! சோறு என் பொறுப்பு என்றேன். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண், பேட்டையிலிருந்து ஒரு பெண், பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியரின் மகள், தூத்துக்குடியிலிருந்து ஒருவர் என்று நால்வர் வருவதாக ஏற்பாடு. 2025 செப்டம்பர் இறுதியில் நாள் குறித்தோம்.

இரண்டு நாளைக்கு முன்புதான் அவள் சொன்னாள், தூத்துக்குடியிலிருந்து வருபவர் ஒரு திருநங்கை என்று.

சகோதரிகளே, இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கு உடனே தோன்றியது, தெருவில் என்ன சொல்வார்கள் என்பதுதான். பகலில் இருந்துவிட்டு இரவில் பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கச் சொல் என்றேன். “அவங்களுக்கு எந்த லாட்ஜ்ல உம்மா ரூம் கொடுப்பாங்க?” என்றாள் மகள். திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2008ஆம் ஆண்டிலேயே அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் அவர்கள் உரிமையை உறுதிப்படுத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டது. இவையெல்லாம் நான் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவை. என் வீட்டு வாசல் என்று வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் முழுவதும் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. முடிவில் என் கணவர், இரண்டு இரவும் தாம் கடையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது அவர் குணம்.

அவர் வந்தார். ஒலியமைப்பும் இசையும் அவர் வேலை. முதுகில் ஒரு சிறிய விசைப்பலகைப் பெட்டி. வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வாருங்கள் என்று யாராவது சொல்லும் வரை நிற்கும் பழக்கம் போலும். எனக்கு முந்திக்கொண்டு உம்மா, “சாப்பிட்டியா மக்கா?” என்றார்கள். சாப்பிடவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். இரண்டு நாளாக நான் மனத்துக்குள் நடத்திய வழக்கு அந்த ஒரு தட்டுச் சோற்றில் முடிந்துபோயிற்று.

இரவில் அவர் சொன்னார், இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே டேனியல் பண்டன் பெரி என்பவர்தான் காரணம் என்று. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்காரர். ஆணாக வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், 1983ஆம் ஆண்டில், நான்கு பேர் ஒரே கணினியைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ‘மியூல்’ என்ற விளையாட்டைச் செய்தவர். கணினி என்றால் தனியே உட்காருவது என்றிருந்த நாளில், மனிதர் மனிதரோடு ஆடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1992ஆம் ஆண்டில் பெண்ணாக மாறினார். 1998ஆம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டில்தான் விளையாட்டு உருவாக்குவோர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. “அவங்க பேரைப் படிச்ச அன்னிக்குத்தாம்மா, இந்த வேலையில எனக்கும் ஒரு இடம் இருக்குன்னு தோணுச்சு” என்றார். நுரையீரல் என்றதும் உம்மா இருமிக்கொண்டே, “தூளு பொல்லாதது” என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

விளையாட்டுக்கு என்ன கதை? அது யோசிக்க வேண்டியதாகவே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தார் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. அதுவே கதை. தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி. நீர் ஏறிக்கொண்டே வருகிறது. மாடிக்கு ஐந்து பொருளை மட்டுமே எடுத்துச் செல்ல முடியும். எவற்றை?

அறுபது வாட் விளக்கு எரிவது போல் ஐந்து முகங்களும் திரை வெளிச்சத்தில் ஒளிர்ந்தன. பேட்டைப் பெண் வீட்டை வரைந்தாள். எங்கள் வீட்டுச் சமையலறை மாடத்தை அப்படியே வரைந்துவிட்டாள், எண்ணெய்ப் பிசுக்கு உட்பட! ஆற்று நீரை எப்படி இயக்குவது என்பதில் என் மகள் முட்டிக்கொண்டு நின்றபோது, மேலப்பாளையத்துப் பெண் கேரல் ஷா என்பவரைப் பற்றிச் சொன்னாள். 1982ஆம் ஆண்டில் ‘ரிவர் ரெய்டு’ என்ற விளையாட்டில் முடிவில்லாமல் ஓடும் ஓர் ஆற்றைக் காட்டியவர் அவர். முழு விளையாட்டுக்கும் கிடைத்த இடம் நான்கு கிலோபைட். இந்தக் கட்டுரையில் இரண்டு மூன்று பத்திகளுக்கு மேல் அதில் அடங்காது. ஆற்றின் கரைகளை வரைந்து சேமிக்க இடமில்லையாதலால், ஓட ஓட ஒரு கணக்கே கரையை வகுத்துக்கொண்டு போகும்படி செய்தாராம். எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆனால் விடியற்காலை நான் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது, திரையில் எங்கள் முற்றத்துக்குள் தாமிரபரணி ஏறிக்கொண்டிருந்தது. அதன் சலசலப்பைத் தூத்துக்குடிக்காரர் எங்கள் கிணற்றடியில் வாளியை ஆட்டிப் பதிவு செய்திருந்தார்.

இரண்டாம் நாள் மதியம், முதலில் ஆடிப் பார்க்க உம்மாவை உட்கார வைத்தார்கள். கண் சரியாகத் தெரியாததால் மகள் பொருள்களை வாசித்துச் சொன்னாள். நகைப்பெட்டியை உம்மா எடுக்கவில்லை. மருந்து, கண்ணாடி, சேமநிதிப் புத்தகம், அரிசிப் பானை என்று நான்கு எடுத்தார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, “மேல யாரு இருக்கா?” என்று கேட்டார்கள்.

“மேல யாருமில்ல உம்மும்மா. நீங்க மட்டுந்தான்.”

“ஒத்தையில மேல போயி என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரியக் கூப்புட முடியாதா இதுல?”

முடியாது. அப்படி ஒரு வசதியை இவர்கள் செய்யவே இல்லை. அந்த வெள்ளத்தன்று நாங்கள் உயிர் பிழைத்ததே அடுத்த வீட்டு மொட்டைமாடியில் ஏறித்தான். அவர்கள் சுவருக்கு மேலிருந்து கை கொடுத்துத் தூக்கினார்கள். என் மகளும் அன்று அங்கே இருந்தவள்தான். ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி இரண்டு; குறித்த கெடு இரவு ஒன்பது. பாளையங்கோட்டைப் பெண் மெதுவாக, “சுவர வரையணும், பக்கத்து வீட்ட வரையணும், அவங்க குரலும் வேணும்” என்றாள்.

அன்று மாலைச் சோற்றை யாரும் உட்கார்ந்து உண்ணவில்லை. நான் ஐந்து கிண்ணங்களில் போட்டுக் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வேண்டும் என்றார்கள். உண்மையான பக்கத்து வீட்டுக்காரியையே அழைத்து வந்தேன். அந்தத் திருநங்கையைப் பற்றி முந்தின நாள் தெருக்குழாயடியில் ஏதோ கேட்டவர் அவர்தான். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்து, “அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ அப்படியே கூப்பிடுங்க அக்கா” என்றார் தூத்துக்குடிக்காரர். முதல் தடவை கூச்சத்தில் குரல் எழவில்லை. இரண்டாம் தடவை அவர் கூப்பிட்ட குரலில் தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்கு முடியவில்லை. பத்தே முக்கால் ஆயிற்று. செய்தவர்களின் பெயர் வரிசையில் ஐவர் பெயரும், அதன் கீழே உம்மாவின் பெயரும், பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் ஓடின. பக்கத்து வீட்டுக்காரி தம் பெயரை மட்டும் நான்கு முறை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

இன்னும் என் மகளுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பகுதி நேரமாகச் செய்கிறாள். வரும் பணம் பெங்களூருவில் வாங்கியதில் பாதிகூட இல்லை. அடுத்த மாதம் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. போன தடவை பெயர் வரிசையைப் பற்றிக் கேட்கத் தெரியாதவள், இந்தத் தடவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வேலை கிடைத்தால் போவாள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

உள்ளூரில் இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். அடுத்த கூட்டம் மேலப்பாளையத்தில், உம்மா பிறந்த தெருவிலேயே ஒரு வீட்டில். உம்மாவும் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் நேற்றிரவு கடைக்கணக்கை மூடி வைத்துவிட்டு, ஒன்பது பேருக்கு இரண்டு நாளைக்கு எத்தனை கிலோ அரிசி பிடிக்கும் என்று கேட்டார்.